கேஸ் போடறதுக்கு முன்னாடி டோரை பாருங்க: கார் ஏசி ஃபிளாப் கோளாறு கண்டுபுடிக்கற முழு வழி

பங்குனி பொறந்ததுல இருந்து மேகாத்து அடிக்கற வரைக்கும் என்ற கடைல இதே பேச்சு தானுங்க. வண்டிய விட்டு எறங்காமயே கண்ணாடிய இறக்கி "அண்ணா ஏசி கூலிங் இல்லீங்ண்ணா, கேஸ் மட்டும் போட்டு உட்ருங்க, ஒறம்பரைய கூட்டிட்டு பழனி போகோணும்"பாங்க. கேஸ் என்னமோ பெட்ரோலாட்ட ஓட ஓட தீந்து போற சாமான்னு நெனப்பு. அது மூடின சர்க்யூட்டுங்க, எங்கியாவது கசிஞ்சா தான் குறையும். போன சித்திரைல உடுமலைல இருந்து ஒரு வண்டி வந்துச்சு, ரெண்டு எடத்துல ரெண்டு தடவ கேஸ் போட்டு, கண்டன்சர் (ரேடியேட்டர் முன்னால நிக்கற ஏசி ஜாலி) கழுவி, அப்பறமும் டிரைவர் பக்கம் மட்டும் அனல் காத்து. பானெட்ட தொறந்து ஏசி குழாய தொட்டு பாத்தா சில்லுனு வேர்த்து ஊத்துது. அப்பறம் எப்புடிங்க உள்ள சூடா வரும்? குளுரு நெறையவே இருக்குது, அது உள்ள வர்ற வழில இருக்கற கதவு பாதில நின்னு போச்சு. அந்த கதவப்பத்தி தான் எழுதறேன். நெம்ப நீளமா போகும், டீ ஒண்ணு வாங்கி வெச்சுட்டு படிங்க.

உள்ள என்ன தான் இருக்குது

டேஷ்போர்டுக்கு பின்னால பெரிய பிளாஸ்டிக் பொட்டி ஒண்ணு இருக்குது, ஏசி பாக்ஸ்னு சொல்லுவோம். புளோயர் காத்த தள்ளும், அது மொதல்ல கூலிங் காயில் வழியா போயி குளுந்து வரும், அதுக்கு அடுத்தாப்புல ஹீட்டர் காயில் நிக்கும். நெறைய வண்டில அந்த ஹீட்டர் காயிலுக்குள்ள எஞ்சின் சுடுதண்ணி எந்நேரமும் ஓடிட்டே தான் இருக்கும், ஈரோட்டு வெய்யில் 40 டிகிரி தொட்டாலும் ஓடும். வெடியால குளிக்க வெந்நி விளாவறோமில்ல, அதே கணக்கு தான். குளுந்த காத்துல எவ்வளவு காத்த ஹீட்டர் காயில் வழியா உட்டு விளாவோணும்னு ஒரு ஃபிளாப் முடிவு பண்ணும், அது தான் பிளெண்ட் டோர், சிலர் மிக்ஸ் டோர்னு சொல்லுவாங்க. டூயல் ஸோன் வண்டின்னா, அதாவது டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் தனித்தனியா குளுரு வெக்கற வண்டின்னா, ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி டோர்.

ரெண்டாவது மோட் டோர். விளாவின காத்து மூஞ்சிக்கா, காலுக்கா, முன் கண்ணாடிக்கான்னு திருப்பி உடறது. பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) வாய்க்கால்ல மொற வந்தா மடைய அடைச்சு இந்த தோட்டத்துக்கு, தொறந்து அந்த தோட்டத்துக்குன்னு தண்ணி திருப்பறோமே அது மாதிரி. மூணாவது உள்காத்து வெளிக்காத்து டோர், அதான் ரீசர்க்குலேஷன், கார் படத்துக்குள்ள அம்பு வளையற பட்டன்.

இத ஆட்டறதுக்கு ரெண்டு வழி. சின்ன வண்டி, லோ வேரியண்ட்டுல எல்லாம் பெரும்பாலும் குமிழுக்கு பின்னால இருந்து கேபிள் போகும், சைக்கிள் பிரேக் கேபிளாட்டவே. கொஞ்சம் மேல போனா ஆக்சுவேட்டர், அதாவது உள்ளங்கைக்குள்ள அடங்கற கருப்பு டப்பா, அதுக்குள்ள சின்ன டிசி மோட்டார், நாலஞ்சு பிளாஸ்டிக் பல்சக்கரம், கதவு எங்க நிக்குதுன்னு கண்ட்ரோல் யூனிட்டுக்கு சொல்ல ஒரு பொசிஷன் சென்சார். பட்டன்ல ஆரம்பிச்சு கண்ட்ரோல் யூனிட், வயர், மோட்டார், பல்சக்கரம், ஷாஃப்ட், ஃபிளாப், ஃபிளாப் ஓரத்து ஃபோம் வரைக்கும் இது ஒரு சங்கிலி. எந்த கண்ணி அத்துப்போச்சுன்னு பாக்கறது தான் நம்ம வேலையே, எடுத்த எடுப்புலயே ஆக்சுவேட்டர் மாத்தறது வேலை இல்லீங்க.

மொதல்ல ஏசியா டோரான்னு பிரிங்க

எஞ்சின ஸ்டார்ட் பண்ணி, ஏசி போட்டு, டெம்பரேச்சர் கடைசி குளுர்ல, உள்காத்து, புளோயர் நடுத்தரமா வெச்சு ஒரு 10 நிமிஷம் ஓடட்டும். டேஷ்போர்டுல காத்து வர்ற நடு வென்ட்டுல ஒரு தெர்மாமீட்டர சொருகுங்க, சமையலுக்கு விக்கற கம்பி தெர்மாமீட்டரே போதும். நல்ல வண்டில நம்மூர் வெய்யிலுக்கு 10 டிகிரிக்கு அக்கம்பக்கம் வந்துரும், உச்சி வெய்யில்ல நிக்கற வண்டின்னா இன்னும் ரெண்டு மூணு கூட இருக்கலாம். அதுக்கப்பறம் பானெட்ட தொறங்க. கூலிங் காயில்ல இருந்து வெளிய வர்ற தடிச்ச அலுமினிய குழாய தொடுங்க, ஃபேனும் பெல்ட்டும் சுத்திட்டு இருக்கும், சட்டக்கை துண்டு எதுவும் தொங்காம பாத்துக்கோங்க. குழாய் சில்லுனு வேர்த்து இருக்கு ஆனா வென்ட்டுல 20, 25னு காட்டுதுன்னா டோர் மேல சந்தேகம். குழாயே வெதுவெதுன்னு இருந்தா கேஸ், கம்ப்ரசர் பக்கம் போங்க, இந்த கட்டுரை உங்களுக்கு இல்ல.

அடுத்தது ஒரு நல்ல டெஸ்ட்டு, பத்து பைசா செலவில்லாதது. எஞ்சின் ரூமோட பின் சுவத்துல ரெண்டு ரப்பர் ஓஸ் உள்ள போகும், அது தான் ஹீட்டர் ஓஸ். எஞ்சின நிறுத்தி, உள்ள போற ஓஸ வாய் தட்டையா இருக்கற கிளாம்ப்புல மெதுவா நசுக்கி அடைங்க, கட்டிங் பிளேயர் வெச்சு கடிச்சீங்கன்னா ஓஸ் போயிரும், பத்து வருசத்து ஓஸ்னா தொடாம இருக்கறதே நல்லது, வெடிச்சு சுடுதண்ணி மூஞ்சில அடிக்கும். அடைச்சுட்டு மறுபடி ஏசி ஓட்டுங்க. வென்ட் காத்து சட்டுனு பல டிகிரி எறங்குச்சுன்னா சந்தேகமே வேண்டாம், பிளெண்ட் டோர் முழுசா மூடல, ஹீட்டர் சூடு உள்ள கசிஞ்சு வந்து விளாவுது. ஒரு மாத்தமும் இல்லீன்னா சூடு வேற எங்கியோ இருந்து வருது, வெளிக்காத்து டோர் மூடாம எஞ்சின் பக்கத்து அனல இழுக்குதான்னு பாக்கோணும்.

ஹீட்டர் வேலை செய்யலன்னு வர்றவங்களுக்கு இதையே திருப்பி பாருங்க. ரெண்டு ஓஸும் நல்லா சுடுது, ஆனா உள்ள சூடு வரலீன்னா டோர். ஒண்ணு சுடுது ஒண்ணு ஆறி கெடக்குதுன்னா ஹீட்டர் காயில் அடைப்பு. ரெண்டுமே ஆறி இருந்தா கூலன்ட் கம்மியா இல்ல தெர்மோஸ்டாட் தொறந்தே நிக்குதா பாருங்க.

ஒரு எச்சரிக்கை. டூயல் ஸோன் வண்டில ஒரு பக்கம் குளுரு ஒரு பக்கம் சூடுன்னாலே டோர் தான்னு அடிச்சு சொல்லிராதீங்க. கேஸ் கம்மியா இருந்தா கூலிங் காயில் பாதி மட்டும் குளுந்து, இதே மாதிரி ஒரு பக்கம் சுடும். நானே இதுல ஒருக்கா ஏமாந்து டேஷ்போர்டுல பாதிய கழட்டிட்டேன், அன்னைக்கு கூலி கேக்க வாய் வரல. குழாய தொட்டு பாக்கறத முதல் வேலையா சொல்றதுக்கு காரணமே அது தான்.

அதே மாதிரி, கிளம்பறப்ப நல்லா குளுந்து ஒரு மணி நேரம் ஓடினா காத்து கம்மியாகி, ஏசிய ஆஃப் பண்ணி சித்த நேரம் கழிச்சு போட்டா மறுபடி நல்லா வருதுன்னா அது கூலிங் காயில் ஐஸ் புடிக்கறது. டோர் கிட்ட போகவே வேண்டாம்.

காத கூர் பண்ணி கேளுங்க

எஞ்சின் வேண்டாம், சாவிய ஆன்ல மட்டும் வைங்க. பாட்டு, ஃபேன் எல்லாம் ஆஃப். பக்கத்துல யாராவது பேசிட்டு இருந்தா கம்முனு இருக்க சொல்லுங்க. இப்ப டெம்பரேச்சர கடைசி குளுர்ல இருந்து கடைசி சூடு வரைக்கும் திருப்புங்க. நல்ல ஆக்சுவேட்டர்னா டேஷ்போர்டுக்குள்ள "ஊஊம்"னு மெலிசா ஒரு சத்தம் சில செகண்ட் வந்து நிக்கும். மோட் மாத்தி கேளுங்க, ரீசர்க்குலேஷன் அமுத்தி கேளுங்க. ஃபேன் ஆஃப்ல இருந்தா சில வண்டில டோர் நகராது, அப்ப ஃபேன இருக்கறதுலயே கம்மி பாயிண்ட்டுல வெச்சு கேளுங்க.

டிக் டிக் டிக்னு செவுத்து பல்லியாட்ட சத்தம் வந்துட்டு நின்னுச்சுன்னா பல்சக்கரத்துல பல்லு போச்சு, இல்ல கதவு எங்கியோ இடிச்சு நிக்க மோட்டார் முக்கிட்டு இருக்குது. சத்தமே இல்லீன்னா கரண்ட் வரல, இல்ல மோட்டார் செத்துருச்சு. சத்தம் நல்லா வருது ஆனா காத்துல ஒரு மாத்தமும் இல்லீன்னா மோட்டார் சுத்துது, கதவு சுத்தல, ஷாஃப்ட் ஒடஞ்சிருக்கும் இல்ல லிங்க் கழண்டிருக்கும். விட்டு விட்டு தானா ஊம் ஊம்னு போயிட்டு வந்துட்டு டெம்பரேச்சர் தானா ஏறி எறங்குதுன்னா பொசிஷன் சென்சார்ல தேஞ்ச எடம் இருக்கு, யூனிட்டு கதவ தேடிட்டே இருக்குது. இந்த அஞ்சு நிமிஷ காது டெஸ்ட்லயே பாதி வண்டிக்கு பதில் கெடச்சுரும்.

சத்தம் எங்க இருந்து வருதுன்னு கண்டுபுடிக்கோணுமா, ஒரு நீள ஸ்க்ரூடிரைவரோட நுனிய ஆக்சுவேட்டர் மேல வெச்சு கைப்புடிய காதுல வெச்சு கேளுங்க, பழைய மோட்டார் மெக்கானிக்குங்க பேரிங் சத்தம் பாக்கற முறை தான். பொதுவா ரீசர்க்குலேஷன் மோட்டார் இடது பக்கம் கிளவுஸ் பாக்ஸுக்கு மேல இருக்கும். மோட் மோட்டார் நெறைய வண்டில டிரைவர் கால் வெக்கற பக்கம் மேல ஒளிஞ்சிருக்கும், தலகீழா படுத்து தான் பாக்கோணும். பிளெண்ட் மோட்டார் வண்டிக்கு வண்டி மாறும், அது தான் கெரகம் புடிச்ச எடத்துல இருக்கும்.

கிளவுஸ் பாக்ஸ கழட்டி ஒரு பார்வை

ரெண்டு பக்கமும் அமுத்தினா கிளவுஸ் பாக்ஸ் கீழ தொங்கிரும், சில வண்டில சைடுல ஒரு கயிறு மாதிரி டேம்பர் இருக்கும், இழுத்து ஒடச்சராதீங்க. உள்ள மொதல்ல கேபின் ஃபில்டர். எல்லா வென்ட்டுலயும் ஒரே அளவுக்கு காத்து கம்மின்னா ஃபில்டர் தான் குத்தவாளி, டோர் இல்ல. திருப்பூர், பல்லடம் பக்கத்து வண்டில ஃபில்டர எடுத்தா பஞ்சு மெத்தையாட்ட இருக்கும், பொள்ளாச்சி வண்டில தேங்கா நார் தூசி. தென்னந்தோப்புல நிக்கற வண்டிக்கு எலி ஒரு தனி அத்தியாயம். முன் கண்ணாடிக்கு கீழ இருக்கற கிரில் வழியா பூந்து வெளிக்காத்து டோர் மேலயே கூடு கட்டி வெக்கும், நார், துணி, பாதி கடிச்ச கொட்டப்பாக்கு எல்லாம் எடுத்திருக்கேன். கதவு மூட முடியாம நிக்கும், பாவம் மோட்டார் முக்கி முக்கி பல்ல ஒடச்சுக்கும். இங்க புது மோட்டார் போட்டீங்கன்னா அதுவும் ஒரே வாரத்துல டிக் டிக் தான்.

ஃபில்டர் எடுத்த எடத்துல டார்ச் அடிச்சு, டிரைவர் சீட்டுல ஒரு ஆள உட்டு ரீசர்க்குலேஷன் பட்டன அமுத்த சொல்லுங்க, நெறைய வண்டில கதவு ஆடறது கண்ணாலயே தெரியும்.

கேபிள் வண்டின்னா இங்கயே முடிஞ்சுரும். குமிழு லொட லொடன்னு சும்மா சுத்துச்சுன்னா கேபிள் கழண்டிருக்கு இல்ல அத்திருக்கு. குமிழு கல்லாட்ட இறுகி நின்னா கதவு மாட்டிருக்கு இல்ல கேபிள் மடிஞ்சிருக்கு, பலம் போட்டு திருப்பினா குமிழுக்கு பின்னால இருக்கற பிளாஸ்டிக் தான் ஒடையும். மாட்டறப்ப குமிழ கடைசி குளுர்ல வெச்சு, கதவோட கைய கடைசி குளுர் பக்கம் தள்ளி புடிச்சுட்டு, அப்பறம் தான் கேபிள் உறைய கிளிப்புல அமுத்தோணும். மாத்தி செஞ்சா குமிழு கடைசிக்கு வந்தும் கதவு ஒரு விரக்கடை தொறந்தே நிக்கும், அனல் கசியும். இதுக்கு கேஸ் போட்டா தீருமாங்க?

கதவ கையால சுத்தி பாக்காம எதையும் வாங்காதீங்க

இது தான் இந்த மொத்த கட்டுரைலயும் முக்கியமான எடம். டேஷ்போர்டு பக்கம் கை வெக்கறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ கழட்டி சில நிமிஷம் பொறுங்க, மஞ்ச கலர் கனெக்டர் எதையும் தொடாதீங்க, அது ஏர்பேக் லைன்.

ஆக்சுவேட்டர ரெண்டு இல்ல மூணு ஸ்க்ரூ புடிச்சிருக்கும். ஸ்க்ரூ கீழ உழுந்தா கார்ப்பெட்டுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கும், நுனில கொஞ்சம் கிரீஸ் தொட்ட ஸ்க்ரூடிரைவர், இல்ல காந்த நுனி, ரெண்டுல ஒண்ணு கைல இருக்கட்டும். மோட்டார கழட்டினதும் கதவோட ஷாஃப்ட் நுனி வெளிய தெரியும், ஒரு பக்கம் தட்டையா வெட்டி டி மாதிரி இருக்கும். ரெண்டு விரல்ல புடிச்சு மெதுவா சுத்துங்க.

நல்ல கதவு எப்புடின்னா, சீரா, லேசான எதிர்ப்போட போயி, ரெண்டு கடைசிலயும் "தொப்"னு பஞ்சு மேல இடிக்கற மாதிரி நிக்கும். அந்த தொப்புல தான் விஷயமே இருக்குது. "டக்"னு கட்டியா நின்னா ஃபோம் போயிருச்சு, பிளாஸ்டிக்குல பிளாஸ்டிக் இடிக்குது, வென்ட்டுல கருப்பு துகள் துகளா பறந்து வந்து சட்டைல ஒட்டியிருந்தா அது அந்த ஃபோம் தான். பாதில நின்னா உள்ள எதோ மாட்டிருக்கு. எங்கயும் நிக்காம சுத்திட்டே போனா ஷாஃப்ட் உள்ள முறிஞ்சு போச்சு, கதவு தனியா தொங்குது. நல்லா சுத்தி ரெண்டு பக்கமும் தொப் தொப்னு நிக்குதுன்னா கதவு மேல பழி இல்ல, ஆக்சுவேட்டர், வயர், யூனிட் பக்கம் போலாம்.

ஆரம்பத்துல சொன்ன உடுமலை வண்டில கதவு குளுர் பக்கம் முக்கால்வாசி போயி அங்க நின்னுக்கிச்சு. போர்ஸ்கோப் கேமராவ, அதான் வயர் நுனில இருக்கற குட்டி கேமராவ, வென்ட் வழியா உட்டு பாத்தா கதவு ஓரத்துல வெள்ளையா ஒண்ணு. அரை மணி நேரம் வளஞ்ச கம்பி போட்டு இழுத்தா வருது, மருதமல விபூதி பொட்டலம் ஒண்ணு, கூட ஒரு ரூவா காசு. டேஷ்போர்டு மேல வெச்சது பிரேக் அடிக்க அடிக்க சரிஞ்சு கண்ணாடி ஓரத்து கிரில்ல உழுந்து, மோட் டோர தாண்டி உள்ள போயி படுத்துக்கிச்சு. ஓனரம்மா அத கண்ணுல ஒத்திக்கிட்டாங்க, வூட்டுக்காரர் தான் ரெண்டு தடவ கேஸ் போட்ட பில்ல நெனச்சு மூஞ்சிய தொங்க போட்டுட்டாரு. பேனா, டோல் ரசீது, ஜாதகக் கட்டு, எல்லாமே அந்த கிரில்ல உழும். மேல எதையும் பரப்பி வெக்காதீங்க.

மீட்டர் புடிக்க தெரிஞ்சவங்களுக்கு

கதவு நல்லா இருக்குன்னு தெரிஞ்சா தான் இது. பேட்டரிய மறுபடி மாட்டி, கனெக்டர்ல எத்தன வயருன்னு எண்ணுங்க. 5 வயர்னா பெரும்பாலும் ரெண்டு மோட்டாருக்கு, மீதி மூணு பொசிஷன் சென்சாருக்கு: 5 வோல்ட், எர்த், சிக்னல். மூணே வயர்னா பெரும்பாலும் லின் பஸ் (ஒரே வயர்ல யூனிட்டோட பேசிக்கற) டைப்பா இருக்கும், உள்ளயே சிப் இருக்கற ஸ்மார்ட் மோட்டார், அதுல மீட்டர் வெச்சு பவரும் எர்த்தும் மட்டும் பாக்கலாம், மீதி ஸ்கேனர் (யூனிட்டோட பேசி கோளாறு படிக்கற மிஷின்) வேலை. சிலது ஸ்டெப்பர் மோட்டார், அதுக்கு பொசிஷன் சென்சாரே இருக்காது. வயரிங் படம் கைல இல்லாம குருட்டாம்போக்குல எந்த பின்னுக்கும் பவர் குடுக்காதீங்க, யூனிட்டு போயிருச்சுன்னா அதோட விலைக்கு நல்ல கறவ மாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தறலாம்.

5 வயர் டைப்புல, கனெக்டர மாட்டின படியே பின்னால இருந்து மெலிசான ஊசி புரோப் சொருகி, ஒரு ஆள உட்டு டெம்பரேச்சர் மாத்த சொல்லுங்க. மோட்டார் வயர் ரெண்டுல 12 வோல்ட் கிட்ட வந்து, திருப்பி மாத்தினா ப்ளஸ் மைனஸ் மாறி வரோணும். வோல்ட் வருது, மோட்டார் சுத்தலன்னா மோட்டார் அவுட். வோல்ட்டே வரலன்னா ஃபியூஸ், வயர், கனெக்டர், கடைசியா தான் யூனிட். சிக்னல் வயர்ல கதவு ஒரு கோடில இருந்து மறு கோடிக்கு போறப்ப சுமாரா அரை வோல்ட்டுல இருந்து நாலரை வோல்ட்டுக்குள்ள வழுக்கிட்டு ஏறோணும். நடுவுல சட்டுனு ஜீரோவுக்கு உழுந்து எந்திரிச்சா அந்த எடத்துல சென்சார் தேஞ்சிருக்கு. டிஜிட்டல் மீட்டர்ல இது கண்ணுக்கு தப்பிரும், முள்ளு மீட்டர் வெச்சிருந்தீங்கன்னா முள்ளு துள்றது பளிச்சுனு தெரியும், அதுக்காகவே என்ற அப்பாவோட பழைய மீட்டர இன்னும் வெச்சிருக்கேன்.

கழட்டுன டிசி மோட்டார 9 வோல்ட் பேட்டரில சுத்த உட்டு பாக்கலாம், மோட்டார் பின் ரெண்டுல மட்டும். சத்தம் வந்து ஷாஃப்ட் சுத்தலன்னா டப்பாவ தொறங்க. வெள்ளை சக்கரத்துல ரெண்டு மூணு பல்லு மொட்டையா இருக்கும், கிரீஸ் காஞ்சு கருப்பட்டி பாகாட்ட இறுகி இருக்கும். பல்லு நல்லா இருந்து கிரீஸ் மட்டும் இறுகி இருந்தா தொடச்சுட்டு பிளாஸ்டிக்குக்கு ஆகற சிலிக்கான் கிரீஸ் துளி வெச்சா ஓடிரும், வீல் பேரிங் கிரீஸ அள்ளி அப்பாதீங்க. பல்லு போனத ஃபெவிக்விக் வெச்சு ஒட்டறது எல்லாம் அடுத்த வெள்ளிக்கெழம வரைக்கும் தான் தாங்கும்.

எரர் கோடு படிக்கறது, கேலிபரேஷன் (கதவோட ரெண்டு கோடியையும் யூனிட்டுக்கு மறுபடி கத்துக்குடுக்கறது)

ஆயிரம் ரூவாய்க்குள்ள விக்கற ஓபிடி ப்ளூடூத் டாங்கிள் (ஸ்டியரிங்குக்கு கீழ சொருகி ஃபோன்ல கோளாறு பாக்கறது) பெரும்பாலும் எஞ்சின் கோடு தான் படிக்கும், ஏசி டோர் கோடு பாடி (Body) பக்கத்துல வர்ற B எழுத்து கோடு, அதுக்கு நல்ல ஸ்கேனர் வேணும். ஸ்கேனர்ல கோட விட லைவ் டேட்டா முக்கியம். யூனிட் கேக்கற பொசிஷன், சென்சார் சொல்ற பொசிஷன் ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாருங்க. ரெண்டும் ஒண்ணா நகருது, ஆனா காத்து மாறலீன்னா சங்கிலி ஷாஃப்ட்டுக்கு அப்பறம் அத்திருக்கு, மோட்டார் மாத்தி பிரயோஜனமே இல்ல.

ஆட்டோ கிளைமேட் (டிகிரி வெச்சுட்டா மீதிய தானா பாத்துக்கற ஏசி) இருக்கற பல டொயோட்டா வண்டில ஸ்கேனரே வேண்டாம், ஆட்டோ பட்டனையும் ரீசர்க்குலேஷன் பட்டனையும் சேத்து அமுத்தி புடிச்சுட்டு சாவிய ஆன் பண்ணினா விளக்கெல்லாம் மினுக்கி தானா செக் பண்ணி நம்பர் காட்டும். 31, 41 மாதிரி வந்தா மிக்ஸ் டோர் பக்கம், மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், புக்க பாத்துக்கோங்க. ஷெட்டுக்குள்ள இருட்டுல செக் பண்ணி 21 வந்துச்சுன்னா பதறாதீங்க, அது வெய்யில் சென்சார் கோடு, வெளிச்சம் இல்லாததால வரும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டில ஸ்கேனர்ல பேசிக் செட்டிங்னு ஒண்ணு இருக்குது, அத ஓட்டினா எல்லா ஃபிளாப்பையும் இந்த கோடில இருந்து அந்த கோடிக்கு ஓட்டி புதுசா கத்துக்கும்.

மத்த வண்டில நெறையத்துக்கு ஏசி ஃபியூஸ ஒரு நிமிஷம் புடுங்கி மறுபடி போட்டு, சாவிய ஆன் பண்ணி ரெண்டு நிமிஷம் எந்த பட்டனும் தொடாம உட்டா போதும். பேட்டரி மாத்தினதுக்கு அப்பறம் திடீர்னு மோட் மாறி வருதுன்னு வர்ற கேஸ்ல மொதல்ல இத செஞ்சு பாருங்க. ஏகப்பட்ட பேரு இந்த ரெண்டு நிமிஷ வேலைக்கு ஆக்சுவேட்டர் காசு குடுத்திருக்காங்க.

ஆட்டோ கிளைமேட்டுல ஏமாத்தற ரெண்டு சாமான்

டேஷ்போர்டு மேல கண்ணாடி ஓரத்துல குமிழாட்ட ஒண்ணு இருக்கும், வெய்யில் சென்சார். அது மேலயே புள்ளையார ஒட்டி வெச்சிருப்பாங்க, இல்ல வெல்வெட் துணி விரிச்சிருப்பாங்க. வெய்யிலே இல்லீன்னு யூனிட் நெனச்சுக்கும், குளுர கம்மியா குடுக்கும். புள்ளையார நாலு விரக்கடை தள்ளி வெச்சா போதுங்க, அவர் கோவிச்சுக்க மாட்டாரு. இன்னொன்னு ஸ்டியரிங் பக்கத்துல சின்ன சல்லடையாட்ட ஓட்டை, உள் டெம்பரேச்சர் சென்சார் அதுக்குள்ள இருக்கும். ஃபேன் ஓடறப்ப சின்ன டிஷ்யூ துண்ட அது மேல வெச்சா லேசா ஒட்டி நிக்கோணும். ஒட்டலன்னா உள்ள பஞ்சு அடைச்சிருக்கு, பிரஷ்ல மெதுவா தட்டி உடுங்க.

மாத்தறப்ப, மாத்தாம ஓட்டறப்ப

பழைய ஆக்சுவேட்டர் மேல இருக்கற நம்பர கடைசி எழுத்து வரைக்கும் ஃபோட்டோ எடுத்துட்டு கடைக்கு போங்க. ஒரே டப்பா, ஒரே ஷாஃப்ட், ஆனா கடைசி எழுத்து மாறினா சுத்தற பக்கம் மாறலாம். கோயமுத்தூர் உக்கடம் பக்கம் பழைய சாமான் கடைல வாங்கறதா இருந்தா அங்கயே 9 வோல்ட் பேட்டரி வெச்சு சுத்த உட்டு பாத்துட்டு காசு குடுங்க. புது மோட்டார் ஷாஃப்ட்ட கையால முறுக்காதீங்க, பல்லு போயிரும். கதவ சுத்தி மோட்டாருக்கு ஒத்து கொண்டு வாங்க, ஒத்து வந்ததும் ஸ்க்ரூவ எல்லாத்தையும் கைல மாட்டிட்டு அப்பறம் இறுக்குங்க, இறுக்கறதும் பிளாஸ்டிக்குன்னு நெனச்சு இறுக்குங்க.

ஷாஃப்ட் முறிஞ்சிருந்தா கம்பெனில ஏசி பாக்ஸே மாத்தோணும்பாங்க, டேஷ்போர்டு மொத்தமா எறக்கற வேலை. சில வண்டில முறிவு வெளி நுனில தான் இருக்கும், அப்ப கோயமுத்தூர் கணபதி ஏரியா பக்கம் லேத்துல பித்தளைல ஒரு சின்ன புஷ் கடஞ்சு சொருகி நான் ஓட்டியிருக்கேன், ரெண்டு வருசமா ஒரு வண்டி ஓடிட்டு இருக்குது. உள்ள முறிஞ்சதுக்கு இந்த வித்தை எடுபடாது.

ஹீட்டர பைபாஸ் பண்ணிருங்கன்னு கேக்கறவங்க உண்டு, ரெண்டு ஓஸையும் ஒண்ணா சேத்து உட்டா டோர் எங்க நின்னாலும் அனல் வராது. கோயமுத்தூர விட்டு நகராத வண்டிக்கு வெய்யக்காலம் தாண்டற வரைக்கும் சரிங்க. ஊட்டி, வால்பாறை போறவங்க பண்ணாதீங்க. ஆழியாறு தாண்டி 40 கொண்ட ஊசி வளைவு, மழ, மூடுபனி, உள்ள நாலு பேரு மூச்சு, கண்ணாடி பட்டுனு வெள்ளையாயிரும், அப்ப ஏசியும் கொஞ்சம் சூடும் சேந்து கண்ணாடிக்கு அடிச்சா தான் தெளியும். அதனால தான் மோட் டோர் மூஞ்சி பக்கம் மாட்டி நிக்கற வண்டிய மலைக்கு கொண்டு போகாதீங்கன்னு நான் சொல்றது. போயே ஆகோணும்னா மோட்டார கழட்டி, கதவ கையால கண்ணாடி பக்கம் திருப்பி வெச்சு, ஷாஃப்ட் நகராம ஒரு டேக் போட்டு கட்டிட்டு போங்க, வெளிக்காத்து டோர தொறந்தே வைங்க, உள்காத்துல நின்னா ஈரம் வெளிய போகாம கண்ணாடி இன்னும் மூடும்.

எல்லாம் மாட்டி முடிச்சதும் கிளவுஸ் பாக்ஸ போடறதுக்கு முன்னாடியே ஒருக்கா எல்லா மோடும் ஓட்டி, தெர்மாமீட்டர மறுபடி நடு வென்ட்டுல சொருகி, மொதல்ல பாத்த நம்பரோட ஒப்பிட்டு பாருங்க. உடுமலை வண்டில டிரைவர் பக்கம் 24ல இருந்து 9க்கு எறங்குச்சு. அந்த ஒரு ரூவா காசு மட்டும் இன்னும் என்ற டூல்ஸ் பொட்டில கெடக்குது, குடுக்க மறந்து போச்சு.